கப்பல் வேகத்துக்கு ‘நாட்’ என்று பெயர் வந்தது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாட் என்றால் என்ன?

ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் போகிற வேகம்தான் ஒரு நாட். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். ஆகவே ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். கொஞ்சம் வேகமாக நடக்கிற மனிதர் ஏறக்குறைய 3 நாட் வேகத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் நாட் என்றால் முடிச்சு. வேகத்துக்கும் முடிச்சுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் இந்தப் பக்கத்துக்கு வரும் பெரும்பாலான கேள்விகளின் சாரம்.

உண்மையிலேயே கயிற்றில் போட்ட முடிச்சைத்தான் குறிக்கிறதா?

ஆமாம். உவமையோ வழக்குமொழியோ இல்லை, நிஜமான முடிச்சு. பாய்மரக் கப்பல்களின் பின்பக்கத்திலிருந்து ஒரு நீளமான கயிற்றைக் கடலில் விடுவார்கள். அதில் சரியான இடைவெளியில் முடிச்சுகள் இருக்கும். குறிப்பிட்ட சில விநாடிகளில் எத்தனை முடிச்சு வெளியே போகிறதோ அதுதான் கப்பலின் வேகம். ஐந்து முடிச்சு போனால் ஐந்து நாட்.

பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், டச்சு மொழிகளிலும் கப்பல் வேகத்துக்கான சொல் அந்தந்த மொழியில் முடிச்சு என்று பொருள்படும் சொல்தான். ஐரோப்பியக் கடற்படைகளும் வணிகக் கப்பல்களும் ஏறக்குறைய ஒரே கருவியை வைத்துக்கொண்டு கடல் கடந்ததற்கு இதுவே நல்ல சாட்சி.

கயிற்றின் நுனியில் என்ன கட்டியிருப்பார்கள்?

ஒரு மரப் பலகை. வட்டத்தில் கால் பாகத்தை வெட்டி எடுத்த வடிவம். வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பார்கள். அதனால் தண்ணீரில் விழுந்ததும் வளைந்த பக்கம் கீழே அமிழ்ந்து, கூர்முனை மேலே தெரிய, பலகை நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்து நிற்கிற பலகையைத் தண்ணீர் லேசில் நகர விடாது. ஆகவே அது விழுந்த இடத்திலேயே நிற்க, கப்பல் மட்டும் அதை விட்டு விலகிப் போகும். போகப் போகக் கயிறு அவிழும்.

பலகையின் மூன்று மூலைகளிலிருந்தும் மூன்று சிறு கயிறுகள் வந்து பெரிய கயிற்றோடு சேரும். அவற்றில் ஒன்று மட்டும் மரமுளையால் செருகப்பட்டிருக்கும். அளந்து முடித்த பிறகு வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தால் அந்த முளை கழன்றுவிடும். பலகை தண்ணீரில் படுத்துவிடும். படுத்த பலகையை இழுத்து மேலேற்றுவது சுலபம். முளை மட்டும் இல்லாவிட்டால், நிமிர்ந்து நிற்கிற பலகையை ஓடுகிற கப்பலுக்கு இழுப்பதற்குள் கை ஓய்ந்துபோகும். இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தச் சிறு முளைதான். கடலில் அன்றாடம் கை வலித்த யாரோ யோசித்துச் செய்திருக்க வேண்டும்.

ஆங்கிலேய மாலுமிகள் இந்தப் பலகையை ‘லாக்’ என்றார்கள். லாக் என்றால் மரக்கட்டை. கயிறு, ‘லாக் லைன்’.

வேகத்தை எப்படி அளந்தார்கள்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

குறைந்தது மூன்று பேர் வேண்டும். கப்பலின் பின்பக்கத்தில் ஒருவர் கயிறு சுற்றிய ராட்டையின் இரு கைப்பிடிகளையும் பிடித்து, அது தடையில்லாமல் சுழலும்படி தலைக்கு மேலே தூக்கிக்கொள்வார். இன்னொருவர் கையில் மணற்கடிகாரம். மூன்றாவது ஆள் பலகையை எறிபவர். பெரும்பாலும் அந்தக் காவல் நேரத்துக்குப் பொறுப்பான அதிகாரியோ அவருடைய உதவியாளரோ எறிவார்.

முதலில் மணற்கடிகாரத்தின் மேல்பாகத்தில் மண் இல்லையா, மண் முழுவதும் கீழே இறங்கியிருக்கிறதா என்று சரிபார்ப்பார்கள். அப்புறம் பலகை கடலில் விழும். விழுந்த உடனே அளக்க ஆரம்பிக்கக் கூடாது. கப்பலின் பின்னால் தண்ணீர் சுழன்று கலங்கியிருக்கும். அந்தச் சுழிப்பில் பலகை கப்பலோடு சேர்ந்து இழுபட்டால் கணக்கு கெட்டுவிடும். அதனால் கயிற்றின் முதல் பத்து, இருபது ஃபேதம் நீளத்தைச் சும்மா ஓட விடுவார்கள். அது முடியும் இடத்தில் ஒரு துணித் துண்டு கட்டியிருக்கும். (ஃபேதம் என்பது ஆறு அடி. இரு கைகளையும் விரித்தால் வருகிற அளவு. நம் கடற்கரைகளில் பாகம், மார் என்று சொல்கிற அதே அளவு.)

அந்தத் துணி கைப்பிடிச் சுவரைத் தாண்டியதும் எறிந்தவர் “திருப்பு!” என்று கத்துவார். மணற்கடிகாரம் தலைகீழாகும். கயிறு அவர் விரல்களுக்கு நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். மண் முழுவதும் இறங்கியதும் கடிகாரம் பிடித்தவர் “நிறுத்து!” என்பார். எறிந்தவர் கயிற்றைச் சட்டென்று இறுக்கிப் பிடிப்பார். அந்த இழுப்பிலேயே முளையும் கழலும். கையில் நிற்கிற இடத்துக்கு மிக அருகிலுள்ள முடிச்சு எத்தனையாவது என்று பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். முழு வேலையும் ஒன்றிரண்டு நிமிடம்தான்.

பல கப்பல்களில் இதை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்தார்கள். சில வணிகக் கப்பல்களில் இரண்டு மணிக்கு ஒருமுறை. பகல், இரவு, மழை, புயல் என்று பார்க்காமல் மாதக்கணக்காக இது நடந்திருக்கிறது.

இரவில் முடிச்சை எப்படி எண்ணினார்கள்?

விரலால். எல்லா இடத்திலும் ஒற்றை முடிச்சு இருந்தால் எத்தனையாவது என்பதை ஒவ்வொன்றாக எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் கயிற்றின் புரிகளைப் பிரித்து ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறு நூல்கயிற்றைச் செருகி, அதில் முடிச்சு போட்டார்கள். முதல் இடத்தில் ஒரு தோல் துண்டு, இரண்டாவது இடத்தில் இரண்டு முடிச்சு, மூன்றாவதில் மூன்று என்று போகும். கும்மிருட்டில் அலை அடித்து மேல்தளம் சாய்ந்தாலும், கையில் நின்ற நூலைத் தடவினால் போதும்.

முடிச்சுக்கு முடிச்சு எவ்வளவு தூரம்?

மணற்கடிகாரம் 28 விநாடி ஓடினால், இடைவெளி 47 அடி 3 அங்குலம். மீட்டரில் 14.4.

ஒரு மணி நேரத்தில் 3,600 விநாடி. அதில் 28 விநாடி என்ன பங்கோ, ஒரு கடல் மைலில் அதே பங்கு இந்த இடைவெளி. 1,852-ஐ 28-ஆல் பெருக்கி 3,600-ஆல் வகுத்துப் பாருங்கள், 14.4 வரும். இந்த விகிதம் பொருந்தியிருப்பதால்தான் முடிச்சின் எண்ணிக்கையே நேராகக் கடல் மைல் கணக்கில் வேகமாகிவிடுகிறது. பெருக்கலும் வகுத்தலும் கயிற்றிலேயே முடிந்துவிட்டன. எழுதப் படிக்கத் தெரியாத மாலுமியும் எண்ணத் தெரிந்தால் வேகம் சொல்லலாம். இந்தக் கருவி முந்நூறு ஆண்டுக்கு மேல் நிலைத்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

30 விநாடிக் கடிகாரமும் இருந்தது. அதற்கு இடைவெளி சுமார் 50 அடி 8 அங்குலம் வேண்டும். கப்பல் மிக வேகமாக ஓடும்போது கயிறு தீர்ந்துவிடாமலிருக்க 14 விநாடிக் கடிகாரத்தை எடுத்து, வந்த எண்ணை இரண்டால் பெருக்கிக்கொண்டார்கள். ஒரு கயிற்றின் மொத்த நீளம் சுமார் 150 ஃபேதம், அதாவது 900 அடி.

கடல் மைல் ஏன் நிலத்து மைல் அளவில் இல்லை?

கடல் மைல் பூமியின் அளவிலிருந்து வந்தது. நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை 90 பாகை (டிகிரி). ஒவ்வொரு பாகையும் 60 கலை. அகலாங்கில், அதாவது வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்று சொல்லும் அட்சரேகை அளவில், ஒரு கலைக்குப் பூமியின் மேல் எவ்வளவு தூரமோ, அது ஒரு கடல் மைல். நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். அதை 5,400 கலையால் வகுத்தால் 1,852 மீட்டருக்கு மிக நெருக்கமாக வரும்.

பூமி துருவங்களில் லேசாகத் தட்டையானது. அதனால் ஒரு கலையின் நீளம் நிலநடுக்கோட்டருகே சுமார் 1,843 மீட்டர், துருவத்தருகே சுமார் 1,862 மீட்டர் என்று மாறும். நாட்டுக்கு நாடு ஒரு அளவு வைத்திருந்தார்கள். பிரிட்டனில் 6,080 அடி. 1929-இல் மொனாக்கோவில் கூடிய சர்வதேச நீர்வரைவியல் மாநாடு 1,852 மீட்டர் என்று தீர்மானித்தது. பிரிட்டன் 1970-இல்தான் அதற்கு மாறியது.

ஆரம்பத்திலிருந்தே இந்தக் கணக்கு சரியாக இருந்ததா?

இல்லை. நாட் என்ற அளவின் வரலாற்றிலேயே இதுதான் மிகச் சுவாரஸ்யமான பகுதி.

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில மாலுமிகள் ஒரு கடல் மைலை 5,000 அடி என்று வைத்திருந்தார்கள். பூமியை உண்மையில் இருப்பதைவிடச் சிறியதாக நினைத்தார்கள் என்று அர்த்தம். 5,000 அடிக்கு 30 விநாடிக் கணக்கு போட்டால் முடிச்சுகளுக்கு இடையே ஏறக்குறைய 42 அடி வரும். ஏழு ஃபேதம் என்பதால் அளப்பதற்கும் வசதி. ஆகவே 42 அடி நிலைத்தது.

ரிச்சர்ட் நார்வுட் என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியருக்கு இதில் சந்தேகம் வந்தது. 1633 ஜூனில் லண்டனில் நடுப்பகல் சூரியனின் உயரத்தை அளந்தார். இரண்டு ஆண்டு கழித்து 1635 ஜூனில் யார்க் நகரில் அதே மாதிரி அளந்தார். இரண்டு ஊர்களுக்கும் அகலாங்கு வித்தியாசம் கிடைத்தது. அடுத்து, லண்டனுக்கும் யார்க்குக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சங்கிலியால் அளந்தார். சங்கிலி போட முடியாத இடத்தில் காலடி வைத்து எண்ணினார். பாதையின் வளைவுகளுக்கும் ஏற்ற இறக்கங்களுக்கும் கழிவு போட்டார். கடைசியில் ஒரு பாகைக்குச் சுமார் 3,67,200 அடி என்று கண்டார். 60-ஆல் வகுத்தால் ஒரு கடல் மைல் 6,120 அடி. இன்றைய அளவு சுமார் 6,076 அடி. சங்கிலியையும் காலையும் வைத்து நூற்றுக்கு ஒரு பங்கு பிழைக்குள் பூமியை அளந்திருக்கிறார். 1637-இல் இதை வெளியிட்டு, முடிச்சுகளை இன்னும் அதிக இடைவெளி விட்டுப் போடச் சொன்னார்.

மாலுமிகள் கேட்டார்களா? உடனே கேட்கவில்லை. 42 அடிக் கயிறு அதன் பிறகும் பல தலைமுறை ஓடியது. 5 நாட் வேகத்தில் போகும் கப்பல் 30 விநாடியில் ஏறக்குறைய 253 அடி போகும். 42 அடிக்கு ஒரு முடிச்சு என்றால் அது ஆறு முடிச்சு. ஆக, கயிறு 6 நாட் என்று காட்டும். ஒரு நாள் முழுக்க இப்படி ஓடினால் கணக்கில் 144 கடல் மைல், உண்மையில் 120. ஒரே நாளில் 24 கடல் மைல் வித்தியாசம்.

இவ்வளவு பெரிய பிழையை ஏன் பொறுத்தார்கள்? கணக்கு கப்பலுக்கு முன்னால் ஓடினால் கரை சீக்கிரமே வந்துவிடும் என்று எதிர்பார்த்து ஜாக்கிரதையாக இருப்பார்கள். கணக்கு பின்தங்கினால், கரை இன்னும் தூரத்தில் இருப்பதாக நம்பி இரவில் பாறை மேல் ஏற்றிவிடுவார்கள். அதனால் பிழை இந்தப் பக்கம் இருப்பதே நல்லது என்பது அனுபவசாலிகளின் வாதம். இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உயிரைப் பணயம் வைத்துப் போகிறவர்களின் எச்சரிக்கை அது. அதே சமயம், கரை எங்கே என்று தெரியாமல் நாள்கணக்கில் தேடித் தண்ணீரும் உணவும் தீர்ந்துபோகிற ஆபத்தும் அதே பிழையில்தான் இருந்தது.

பிற்பாடு 48 அடி, அதாவது எட்டு ஃபேதம், பரவலானது. 28 விநாடிக் கடிகாரத்தோடு சேர்த்தால் அது உண்மைக்கு மிக அருகில் வரும்.

ஒரு கயிற்றுக் கணக்கு அவ்வளவு முக்கியமா?

நடுக்கடலில் அகலாங்கைச் சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ பார்த்து அறியலாம். நெட்டாங்குக்கு, அதாவது கிழக்கு மேற்காக எவ்வளவு வந்திருக்கிறோம் என்பதற்கு, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பெரும்பாலான கப்பல்களில் நம்பகமான வழி கிடையாது. திசைகாட்டி காட்டும் திசை, லாக் கயிறு சொல்லும் வேகம், கடந்த நேரம் மூன்றையும் வைத்து வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். அடுத்த நாள் அந்தப் புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளி. ஒரு நாள் பிழை மறுநாள் பிழையோடு சேரும்.

பிழை வர வழிகளும் நிறைய. புதுக் கயிறு நனைந்ததும் சுருங்கும், இழுபட இழுபட நீளும். அதனால் கயிற்றை நனைத்து அடிக்கடி மறுபடியும் அளந்து முடிச்சுகளைச் சரிசெய்ய வேண்டும். மணற்கடிகாரம் ஈரக்காற்றில் மெதுவாக ஓடும். மண் உரசி உரசி நடுத்துளை பெரிதானால் வேகமாக ஓடும். எல்லாவற்றுக்கும் மேலே, கடல் நீரோட்டம். பலகை ‘நிற்கிறது’ என்றோம். அது தண்ணீரில்தான் நிற்கிறது. அந்தத் தண்ணீரே நகர்ந்தால் பலகையும் கப்பலும் சேர்ந்தே நகரும். கயிற்றுக்கு அது தெரியவே தெரியாது.

1707 அக்டோபர் 22 இரவு, அட்மிரல் கிளவுட்ஸ்லி ஷவலின் பிரிட்டிஷ் கடற்படை அணி, தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, இங்கிலாந்தின் தென்மேற்கே சில்லி தீவுகளின் பாறைகளில் மோதியது. நான்கு போர்க்கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அட்மிரலும்தான். மோசமான வானிலை, குறைபாடுள்ள வரைபடங்கள் என்று பல காரணங்கள் சேர்ந்திருந்தன. நெட்டாங்கு கண்டுபிடிப்பவருக்குப் பெரும் பரிசு தரும் சட்டத்தை 1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றியதற்கு இப்படிப்பட்ட இழப்புகள் பின்னணி.

முடிச்சுக் கயிற்றைக் கண்டுபிடித்தது யார்?

ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. அச்சில் முதலில் விவரித்தவர் வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர், 1574-இல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது அதற்கு முன்பே, 1498-இல். அந்தக் காலத்துக் கப்பல் வழிகாட்டிகள் நுரையையும் அலையையும் பார்த்து, அனுபவத்தால் வேகத்தை மதிப்பிட்டார்கள்.

இன்னொரு எளிய முறையும் உண்டு. கப்பலின் முன்பக்கத்தில் ஒரு மரத்துண்டைப் போட்டு, அது பின்பக்கம் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. முப்பது மீட்டர் நீளக் கப்பலை மரத்துண்டு பத்து விநாடியில் கடந்தால், வேகம் விநாடிக்கு மூன்று மீட்டர், அதாவது 6 நாட்டுக்குச் சற்றுக் குறைவு. இதை ‘டச்சுக்காரர் லாக்’ என்பார்கள்.

அரபு, இந்திய மாலுமிகள் எதை வைத்து அளந்தார்கள்?

அரபு மாலுமிகளின் கடல்வழி நூல்களில் ‘ஸாம்’ என்ற அளவு வருகிறது. மூன்று மணி நேரக் காவலில் கப்பல் போகும் தூரம் அது. நம் சாமமும் ஏழரை நாழிகை, மூன்று மணி நேரம். நேரத்தையே தூரமாகச் சொல்லும் வழக்கம். பருவக்காற்றில் ஒரே வழியில் மறுபடி மறுபடி போய்வருபவர்களுக்கு அது நன்றாகவே பயன்பட்டிருக்கும்.

மந்திரவாதிகள் காற்றை முடிச்சில் கட்டி விற்றார்களாமே, நாட் அதிலிருந்து வந்ததா?

கதை உண்மையிலேயே பழையது. வட ஐரோப்பாவில் மாலுமிகள் மூன்று முடிச்சுள்ள கயிற்றை மந்திரவாதிகளிடம் காசு கொடுத்து வாங்குவார்கள். முதல் முடிச்சை அவிழ்த்தால் மென்காற்று, இரண்டாவதை அவிழ்த்தால் பலமான காற்று, மூன்றாவதை அவிழ்த்தால் புயல். சுவீடனைச் சேர்ந்த ஓலாவுஸ் மாக்னுஸ் 1555-இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். ஆனால் வேக அளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நாட் லாக் கயிற்றிலிருந்து வந்தது.

கப்பலின் ‘லாக் புக்’கும் இந்த லாக்கும் ஒன்றா?

ஒன்றேதான். பலகை எறிந்து கிடைத்த எண்ணை முதலில் ஒரு பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுவார்கள். மணி, நாட், ஃபேதம், திசை, காற்று என்று கட்டங்கள் இருக்கும். முழு நாட் போக வரும் மிச்சத்தைத்தான் ஃபேதக் கட்டத்தில் எழுதினார்கள். அந்தப் பலகையிலிருந்து நாளுக்கொரு முறை புத்தகத்தில் பெயர்த்து எழுதுவார்கள். அதுதான் லாக் புக். போகப் போக வானிலை, நோய், தண்டனை, மரணம் என்று கப்பலில் நடந்த எல்லாமே அதில் ஏறின.

பிறகு விமானத்துக்கும் லாரிக்கும் தொழிற்சாலைக்கும் லாக் புக் வந்தது. கம்ப்யூட்டரில் யார் எப்போது உள்ளே வந்தார் என்று பதிவதற்கும் அதே சொல் போய், இன்று லாக்-இன், லாக்-அவுட் என்று தினமும் சொல்கிறோம்.

‘மணிக்கு 10 நாட்’ என்று எழுதலாமா?

வேண்டாம். நாட் என்ற அளவுக்குள்ளேயே மணி இருக்கிறது. ‘10 நாட் வேகம்’ போதும். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணக் குறிப்புகளில் மணிக்கு இத்தனை நாட் என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அவர்கள் நாட் என்ற சொல்லைக் கடல் மைல் என்ற பொருளிலேயே எழுதினார்கள்.

அதே மாதிரி தூரத்துக்கு நாட் சொல்லக் கூடாது. ‘கரையிலிருந்து 12 நாட்’ என்பது தவறு. 12 கடல் மைல் என்பதே சரி. ஒரு தேசத்தின் கடல் எல்லை என்று செய்திகளில் வரும் 12 கடல் மைல் 22 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

பாய்மரக் கப்பல்கள் எவ்வளவு வேகம் போயின?

சாதாரண வணிகக் கப்பல் நல்ல காற்றில் 5, 6 நாட் போனால் சந்தோஷப்படுவார்கள். தேயிலை ஏற்றிவந்த கிளிப்பர் கப்பல்கள் வேறு ரகம். 1869-இல் கடலில் இறங்கி, இன்று லண்டன் கிரீனிச்சில் நிற்கும் கட்டி சார்க் அதிகபட்சமாக 17.5 நாட் தொட்டிருக்கிறது. ஒரே நாளில் 363 கடல் மைல் ஓடியிருக்கிறது. சராசரி 15 நாட், வெறும் காற்றில்!

நீராவி வந்த பிறகு கதை மாறியது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சுமார் 23 நாட் வேகமுள்ளது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே அதை வீழ்த்திய ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னிக்குச் சுமார் 25 நாட். அந்தச் சிறு வித்தியாசமும் நீண்ட தூரம் சுடும் பெரிய பீரங்கிகளும் சேர்ந்து எம்டனைத் தப்ப விடவில்லை.

கயிறு எப்போது போனது?

1802-இல் எட்வர்ட் மாஸி இயந்திர லாக் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கப்பலின் பின்னால் இழுபடும் சுழலியின் சுற்றுகளை முட்கள் எண்ணும். 1861-இல் தாமஸ் வாக்கர் அதை மேலும் நம்பகமாக்கினார். ஆனாலும் மலிவு, கப்பலிலேயே செய்துகொள்ளலாம் என்பதால் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கப் பல கப்பல்களில் பழைய பலகையும் இருந்தது. இன்று மின்காந்தம், ஒலி அலை ஆகியவற்றால் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றுக்கும் பெயர் லாக்தான். ஜிபிஎஸ் தரும் வேகம் வேறு. அது தரையைப் பொறுத்தது. லாக் காட்டுவது தண்ணீரைப் பொறுத்தது. இரண்டையும் ஒப்பிட்டால் நீரோட்டம் எவ்வளவு என்று தெரியும்.

இன்னும் ஏன் கிலோமீட்டருக்கு மாறவில்லை?

பழக்கம் மட்டும் காரணமல்ல. கடல் வரைபடத்தின் இடது, வலது ஓரங்களில் அகலாங்கு அளவு குறித்திருக்கும். கவராயத்தை அந்த ஓரத்தில் வைத்தால் ஒரு கலை ஒரு கடல் மைல். வரைபடமே அளவுகோல். 10 நாட் வேகத்தில் நேர் வடக்கே ஆறு மணி நேரம் போனால் 60 கடல் மைல், அதாவது ஒரு பாகை. இந்த வசதியை விட்டுக்கொடுக்க வழிகாட்டிகளுக்கு மனம் வராது. விமானமும் உருண்டையான பூமியின் மேல்தான் பறக்கிறது என்பதால் விமானிகளும் நாட் அளவையே வைத்துக்கொண்டார்கள்.

புயல் செய்தியில் 62, 89 என்று ஒழுங்கில்லாத எண்கள் வருவது ஏன்?

அவை நாட் கணக்கின் கிலோமீட்டர் வடிவம். இந்திய வானிலை ஆய்வு மையம் காற்றின் வேகம் 34 நாட்டைத் தொட்டால் புயல் என்கிறது. 48 நாட் என்றால் தீவிர புயல். 64 என்றால் மிகத் தீவிர புயல். 34 நாட்டைக் கிலோமீட்டராக்கினால் 62-க்கும் 63-க்கும் நடுவில் வரும். 48 நாட் என்பது 89.

இந்த 34, 48, 64 எங்கிருந்து வந்தன? போஃபோர்ட் காற்று அளவிலிருந்து. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1805-இல் அதை வகுத்தபோது அதில் வேக எண்ணே கிடையாது. இந்தக் காற்றில் ஒரு போர்க்கப்பல் எத்தனை பாய் விரிக்கலாம் என்றுதான் படி பிரித்தார். பிற்காலத்தில் ஒவ்வொரு படிக்கும் நாட் எண் சேர்த்தார்கள். எட்டாம் படி 34 நாட்டில் தொடங்கும், பத்தாம் படி 48-இல், பன்னிரண்டாம் படி 64-இல். நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ கூண்டு ஏற்றுகிற நாளில் நாம் கேட்கும் எண்களுக்குப் பின்னால் பாய்மரக் கப்பல்களின் பாய்க் கணக்கு இருக்கிறது.

நாட்டைக் கிலோமீட்டராக்க மனக்கணக்கு உண்டா?

இரண்டால் பெருக்கி, பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 30 நாட் என்றால் 60, அதில் 6 போக 54. உண்மை விடை 55.6. அவசரத்துக்குப் போதும்.

பயண நேரம் வேண்டுமானால் கடல் மைலிலேயே இருப்பது சுலபம். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 740 கடல் மைல். 12 நாட் வேகத்தில் போகும் கப்பலுக்கு ஏறக்குறைய 62 மணி நேரம்.

நாமே ஒரு லாக் கயிறு செய்து பார்க்கலாமா?

தாராளமாக. பள்ளி மாணவர்களுக்கு நல்ல செயல்பாடு. சின்னப் படகுக்கு 28 விநாடிக் கணக்கு வேண்டாம், கயிறு வீணாக நீளும். ஏழு விநாடி வைத்துக்கொண்டால் முடிச்சுகளுக்கு இடையே 3.6 மீட்டர். எட்டு முடிச்சு போதும். கால்வட்டப் பலகை செய்ய மெல்லிய ஒட்டுப்பலகை, வளைந்த விளிம்பில் கட்ட மீன்வலைக் குண்டு நாலைந்து. கயிறு நைலானாக இருந்தால் சுருங்காது. ஆனால் பருத்திக் கயிற்றை எடுத்து, காய்ந்தபோது ஒருமுறையும் நனைந்தபோது ஒருமுறையும் அளக்கச் சொன்னால் பழைய மாலுமிகளின் தொல்லை பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும்.

முதல் முடிச்சுக்கு முன்னால் படகின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு கயிற்றை வெறுமனே விட்டு, அங்கே ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். மோட்டார் படகு என்றால் கயிறு சுழலியில் சிக்காதபடி பக்கவாட்டில், படகோட்டியிடம் சொல்லிவிட்டு விடவும். செல்போனில் ஜிபிஎஸ் வேகத்தைக் கூடவே குறித்துக்கொண்டு, நீரோட்டத்தின் திசையில் ஒருமுறை, எதிர்த்து ஒருமுறை அளந்து பாருங்கள். கயிற்றின் எண் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், ஜிபிஎஸ் எண் மாறும்.